அப்பத்தாவின் கோலம் ஆத்தங்குடிக் கல்லில்: எதற்குக் கூடுதல் காசு, எதற்கு இல்லை?

கேள்வி: தேவகோட்டையில் பழைய வீட்டை ஒட்டிப் புதிதாக ஒரு கூடம் கட்டுகிறோம். உள்ளளவு 16½ அடிக்கு 12½ அடி. என் அப்பத்தா விட்டுப்போன கோல நோட்டில் இருக்கும் ஒரு சிக்குக் கோலத்தை ஆத்தங்குடிக் கல்லில் தரையாகப் போட ஆசை. இரண்டு பட்டறைகளில் விசாரித்தோம். ஒருவர் ‘கஸ்டம் டிசைன்’ என்று சதுர அடிக்கு ஒன்றரை மடங்கு விலை சொல்கிறார்; அச்சுக்குத் தனிக் காசு வேண்டாம் என்கிறார். இன்னொருவர் அச்சுக்கூலி தனி, கல்லுக்கு வழக்கமான விலையோடு கொஞ்சம் கூட என்கிறார். எது நியாயம்? கூடத்தின் நடுவில் வீட்டுப் பெயரின் முதலெழுத்தைப் பதிக்க முடியுமா? திறந்த முற்றத்துக்கும் இதே கல்லைப் போடலாமா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாமவர் சொல்வதுதான் கணக்காக இருக்கிறது. முதலாமவரை உடனே தள்ளிவிட வேண்டாம். அவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “எங்கள் கோலத்துக்குப் புது அச்சு அடிப்பீர்களா, கையில் இருக்கும் அச்சில் நிறத்தை மாற்றித் தருவீர்களா?” பெரும்பாலும் இரண்டாவதுதான் பதிலாக வரும். ரெடிமேட் சட்டையில் பொத்தானை மாற்றிவிட்டு அளவெடுத்துத் தைத்த கூலி வாங்குவதுதான் அது. பட்டறையில் இருக்கும் அச்சுக்கு நீங்கள் கேட்ட நிறத்தை ஊற்றுவதில் அவருக்குக் கூடுதல் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஆத்தங்குடிக் கல் என்பது கையால் ஊற்றிச் செய்யும் சிமென்ட் தரைக்கல். அது உருவாகும் விதம் தெரிந்தால் காசு எங்கே போகிறது என்று உங்களுக்கே புரியும். துடைத்துச் சுத்தம் செய்த கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள். சட்டத்துக்குள் டிசைன் அச்சு இறங்கும். தகட்டுப் பட்டைகளை வளைத்துப் பற்றவைத்த அச்சு அது, அறை அறையாக இருக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறமாக, ஆக்சைடு கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நேராக மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் கலந்து தூவுவார்கள். அது வண்ணக் குழம்பின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கும் மேல் ஈரக் கலவையை நிரப்பி, அழுத்தி, கரணையால் மட்டம் தட்டுவார்கள். பிறகு ஒரு நாள் உலரவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கண்ணாடியைப் பிரித்தெடுப்பார்கள். சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. கல்லின் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் அது கல்லின் முகத்தில் பதியும்.

ஆகக் கூலியை ஏற்றுபவை இரண்டு. ஒன்று, அச்சு அடிக்கும் செலவு. அது ஒருமுறைச் செலவு, 50 கல் போட்டாலும் 500 கல் போட்டாலும் அதே தொகை. அதைச் சதுர அடி விலைக்குள் கரைத்தால் எவ்வளவு வாங்குகிறார் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தனியாகச் சொல்பவரிடம் பேரம் பேசவும் முடியும். மற்றொன்று, ஒரு கல்லில் எத்தனை நிறம், எத்தனை அறை என்பது. இரண்டு நிறக் கல்லைவிட ஐந்து நிறக் கல்லுக்கு நேரம் பிடிக்கும், கைத்தேர்ச்சியும் வேண்டும். இரண்டாமவர் கேட்கும் ‘கொஞ்சம் கூட’ அதற்கானதென்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி உங்கள் கோலம். சிக்குக் கோலத்தைக் கல்லில் இறக்குவது பூ டிசைனைவிடக் கடினம். பூவின் இதழ் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது. கோலத்தின் இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் கல்லுக்குக் கல் படி விழுந்ததுபோல் தெரியும். நான்கு கல் சேர்ந்து ஒரு கோலம் ஆகும்படி அமைப்பதுதான் வழி. கோலத்தைக் கால் சுற்றுச் சுற்றினால் பழையபடியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கால்பகுதிக்கு ஒரே அச்சு போதும். அதே கல்லை நான்கு திசைக்கும் திருப்பிப் பதித்துக்கொள்ளலாம். அப்படியில்லாமல், இடமும் வலமும், மேலும் கீழும் கண்ணாடியில் பார்த்ததுபோல் மட்டும் ஒத்துப்போகும் கோலமென்றால் இரண்டு அச்சு வேண்டும், அச்சுக்கூலியும் இரட்டிக்கும். நோட்டில் சுழலும் கோலங்கள் நிச்சயம் ஒன்றிரண்டாவது இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் யோசனை.

ஒரே அச்சைத் திருப்பிப் போடும்போது ஒரு விதி உண்டு. கோலத்தின் நடுப்புள்ளியாக அமையும் மூலையிலிருந்து 2 அங்குலத்தில் இழை ஒரு விளிம்பைக் கடந்தால், அந்த மூலையின் மறு விளிம்பையும் அதே 2 அங்குலத்தில் கடக்க வேண்டும். வெளி விளிம்புகளுக்கும் இப்படியே பொருத்தம் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் கோலம் தனக்குள் சேரும், பக்கத்துக் கோலத்தோடு சேராது. இதை மனக்கணக்கில் பார்க்காதீர்கள். கல்லின் அசல் அளவில் கால்பகுதியைக் கட்டத்தாளில் வரைந்து, 16 நகல் எடுத்துத் தரையில் பரப்பிப் பாருங்கள். நகல் கடையில் ஆகும் சில்லறைச் செலவு பின்னால் ஒரு அச்சுச் செலவை மிச்சப்படுத்தும்.

இழையின் அகலம் கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதைவிடக் குறுகிய சந்தில் குழம்பு முழுசாக இறங்காது. இறங்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் அச்சைத் தூக்கியதும் நிறம் பக்கத்துக்குக் கசிந்து இழை ஊதிப்போகும். கெட்டியாக ஊற்றினால் ஓரத்தில் ஊசித்துளை விழும். நான்கு கல் கோலம் 16 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொண்டால், அதில் 7 வரிசைப் புள்ளிக்கு மேல் நெருக்க வேண்டாம். சுழிக்குள் இருக்கும் புள்ளிகளை அச்சிலேயே கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வளையம் செய்து மேலிருந்து பாலம் கொடுத்துத் தொங்கவிட வேண்டும். அச்சுக்காரர் அதற்குக் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான்.

முதலெழுத்து பற்றிக் கேட்டீர்கள். பதிக்கலாம். ஆனால் கல் கண்ணாடியின் மேல் முகம் குப்புற உருவாகிறது. ஊற்றுபவர் மேலிருந்து பார்ப்பது கல்லின் முதுகுப் பக்கம். அச்சில் ‘மு’ நேராக இருந்தால் தரையில் அது திரும்பித்தான் விழும். அதனால் தாளைப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கம் தெரிவதைத்தான் அச்சுக்காரரிடம் கொடுக்க வேண்டும். கால் சுற்றுக்கு ஒத்துப்போகும் உங்கள் கோலமும் இதில் தப்பாது: அது சுழலும் திசை மாறிவிடும். பார்ப்பவருக்குத் தெரியாவிட்டாலும் அப்பத்தா போட்ட கோலம் அதுவாக இருக்காது. அச்சு வரைபடத்தில் ‘முகம்’, ‘முதுகு’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அச்சு. ஒரு தரை உங்கள் வீட்டுக்கென்றே செய்தது என்று சொல்லத்தக்கதாவது அளவில்தான். அதற்குத்தான் மிகக் குறைந்த செலவு, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் முகப்பிலும் பட்டாலையிலும் தரையைப் பாருங்கள்: பார்டர் சுற்றி வந்து மூலையில் திரும்பும், நடுப்பூ எங்கேயும் பாதியாக வெட்டுப்படாது. இன்றைக்கு எவ்வளவோ விலை கொடுத்துப் போட்ட தரைகளில் ஒரு சுவரோரம் முழுப் பூவும் எதிர்ச் சுவரோரம் முக்கால் பூவும் நிற்கின்றன. கல்லில் குறையில்லை, வரைபடம் போடாத குறை.

உங்கள் கூடத்தையே கணக்கிடுவோம். 16½ அடி என்றால் 198 அங்குலம். 12½ அடி 150 அங்குலம். பட்டறைகளில் அதிகம் ஓடும் 10 அங்குலக் கல்லைப் போட்டால் நீளத்தில் 19 கல் போக 8 அங்குலம் மிஞ்சும். அகலத்தில் சரியாக 15 கல். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எந்தச் சுவரும் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்காது; மிச்சம் வைக்காவிட்டால் கடைசி வரிசையைச் செதுக்க வேண்டிவரும். அதோடு 19, 15 இரண்டும் ஒற்றைப்படை. பார்டர் ஒரு சுற்றுப் போனால் 17, 13. இன்னொரு சுற்றுப் போனாலும் ஒற்றைப்படைதான். நான்கு கல் கோலம் இதில் முழுசாக அமையவே அமையாது.

8 அங்குலக் கல் கேளுங்கள். நீளத்தில் 24, அகலத்தில் 18. அதாவது 192 அங்குலத்துக்கு 144 அங்குலம். நான்கு சுவரோரமும் 3 அங்குலம் மிஞ்சும். அங்கே ஒரே நிறக் கல்லை வெட்டிப் பட்டியாக ஓட்டிவிட்டால், சுவரின் கோணல் எல்லாம் அந்தப் பட்டிக்குள் அடங்கிவிடும். கல்லுக்குக் கல் 1 மில்லிமீட்டர் இணைப்பு வைத்தால் நீளவாக்கில் ஏறக்குறைய 1 அங்குலம் போகும். பட்டி 2½ அங்குலமாகும், பாதகமில்லை. முழுக்கல் மொத்தம் 432. அதில் மூலைக்கல் 4, பார்டர் 76, நடுவில் 22-க்கு 16 என்று 352. அது 88 முழுக் கோலம், ஒன்றுகூட வெட்டுப்படாது. 22-ம் 16-ம் இரட்டைப்படை என்பதால் அறையின் மையம் நான்கு கல் கூடும் இடத்தில் விழும். நீளத்தில் 11 கோலம், அகலத்தில் 8 கோலம் என்பதால் அந்த மையம் இரண்டு கோலங்கள் சேரும் இடமாக இருக்கும், ஒரு கோலத்தின் நடுவாக இருக்காது. முதலெழுத்து வைக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: மையத்தைச் சுற்றியுள்ள நான்கு கல்லை எடுத்துவிட்டு 16 அங்குலச் சதுரமாக எழுத்தை அமைத்தால் இரண்டு கோலங்கள் பாதியாகும். எழுத்துக்கு நீளவாக்கில் 16, அகலவாக்கில் 32 அங்குலம் கொண்ட இடம், அதாவது அந்த இரண்டு கோலங்களின் எட்டுக் கல்லையும் ஒதுக்குங்கள். அல்லது எழுத்தை விட்டுவிடுங்கள். அப்பத்தாவின் கோலம் 88 முறை இருக்கும் தரையில் எழுத்து இல்லாததால் ஒன்றும் குறையாது என்பது என் அபிப்பிராயம்.

பார்டரில் கொடி ஓடுவதாக இருந்தால், நான்கு பக்கமும் ஒரே சுற்றாக வலமாகவே ஓடட்டும். அப்போது பார்டருக்கு ஓர் அச்சு, மூலைக்கு ஓர் அச்சு போதும். பக்கத்துக்கு நடுவிலிருந்து இரண்டு புறமும் பிரிந்து ஓடும் கொடி என்றால் இடக்கல், வலக்கல் என்று பிரியும், அச்சு கூடும். கோலம் உங்களுடையதாக இருக்கும்போது பார்டரையும் மூலையையும் பட்டறையில் இருக்கும் அச்சிலேயே எடுத்துக்கொள்ளலாம். 8 அங்குலத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பூச்சு வேலை முடிந்த பிறகு எடுத்த அளவில்தான் செல்லும். வெறுஞ்சுவரில் அளந்தால் பூச்சு ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் 20 அடி 8½ அங்குலத்தை ஒட்டி ஒரே அளவாக வந்தால் அறையின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன. இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் பட்டியின் அகலத்தைக் கூட்டித்தான் வரைபடம் போட வேண்டும்.

நிறத்துக்கு வருகிறேன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகியவை இரும்பு ஆக்சைடில் கிடைப்பவை. வெயிலுக்கும் சிமென்ட்டின் காரத்துக்கும் அசையாதவை. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. நீலம் கேட்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்: மலிவான நீலப் பொடிகள் சிமென்ட்டில் வெளுத்துவிடும். வெளிர் நிறங்கள் வெள்ளை சிமென்ட்டில் கலந்தால்தான் தெளியும். சாம்பல் சிமென்ட்டில் கலந்த மஞ்சள் அழுக்காகத் தெரியும். நிறம் அழுத்தமாக வேண்டும் என்று பொடியை அள்ளிப் போடச் சொல்லாதீர்கள். சிமென்ட் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் அதிகம் கூடாது. 10 சதவீதத்தைத் தாண்டினால் மேற்பரப்பின் பலம் குறைந்து, ஈரத்துணியில் நிறம் ஒட்டும்.

மாதிரிக்கு நான்கு கல் போட்டு ஒரு முழுக் கோலமாகப் பாருங்கள். ஈரத்தில் பார்த்து நிறத்துக்குச் சம்மதம் சொல்லக் கூடாது. உலர்ந்ததும் நிறம் ஒரு படி வெளிறும். மாதிரி பிடித்ததும், ஒவ்வொரு நிறத்துக்கும் சிமென்ட் எத்தனை கிராம், பொடி எத்தனை கிராம், எந்தக் கம்பெனிப் பொடி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஒரு கை, அரைக் கை’ என்று கலக்கும் இடத்தில் முதல் நாள் சிவப்பும் பத்தாம் நாள் சிவப்பும் ஒன்றாக இருக்காது. பழைய வீட்டுத் தரையோடு நிறம் சேர வேண்டுமென்றால், நடமாட்டமில்லாத ஓரத்துக் கல்லை மாதிரியாகக் கொடுங்கள். பல தலைமுறை கால்பட்டு எண்ணெய் ஏறிய நடுக்கல்லைப் பார்த்துச் செய்தால், புதுக்கல் புழங்கப் புழங்க அதைவிடக் கறுத்துவிடும்.

கல் வந்து இறங்கியதும் பாருங்கள். முதுகில் மணற்கலவையும் கரணைத் தடமும் இருக்கும். பக்கவாட்டில் வண்ண அடுக்கு சில மில்லிமீட்டர் தடிமனில் கோடாகத் தெரியும். ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று விற்கும் செராமிக் டைல்ஸில் நிறம் மேலே ஒட்டிய சவ்வுதான். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் பதனம், அதாவது தண்ணீரில் ஊறியது, போதவில்லை. நான்கு கல்லைச் சேர்த்து வைத்து இழை ஒட்டுகிறதா, மூலை நான்கும் ஒரே மட்டமா என்று பாருங்கள். முகம் மங்கலாகத் திட்டுத்திட்டாக இருந்தால் கண்ணாடியைச் சீக்கிரம் பிரித்திருக்கிறார்கள். இழையின் ஓரம் மயிரிழை அளவு நெளிந்திருப்பது குறையில்லை, அது கையால் ஊற்றியதற்கு அடையாளம்.

அவசரப்படுத்துவதால்தான் கல் கெடுகிறது. ஒவ்வொரு கல்லும் ஒரு கண்ணாடியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பட்டறையில் எத்தனை கண்ணாடியோ அத்தனை கல்தான் ஒரு சுற்றுக்கு. ‘கிரகப்பிரவேசம் வந்துவிட்டது’ என்று நெருக்கினால் அவர் குறைப்பது ஊறும் நாட்களைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்வதும் தாமதமாகும். ஊற்றி மூன்று வாரமாவது ஆன கல்லை ஏற்றுங்கள். முன்னதாக ஏற்றினால் வழியிலேயே மூலை உதிரும். 8 அங்குலக் கல் ஒன்று சுமார் 1¾ கிலோ. கோலக்கல் 377, பார்டர் 82, மூலை 6, பட்டிக்கு ஒரே நிறக்கல் 50 என்று உபரியோடு சேர்த்துச் சொன்னால் 515 கல், ஏறக்குறைய 900 கிலோ; குட்டி யானையில் இரண்டு நடையாக, கல்லைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கோல் கொடுத்துக் கொண்டுவாருங்கள். மிஞ்சும் கல்லை ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். பின்னாளில் குழாய் வேலைக்குத் தரையை உடைத்தால் அந்தக் கல்தான் கைகொடுக்கும்.

பதிக்கும் கொத்தனார் இந்தக் கல்லில் பழகியவராக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு நூலைக் குறுக்காகக் கட்டி அங்கிருந்து வெளியே வர வேண்டும். சுவரோரத்தில் தொடங்கினால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். இணைப்பில் வெள்ளை சிமென்ட் பூசிய கையோடு முகத்தைத் துடைத்துவிட வேண்டும். முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ளவரை வேலைக்கே வைக்காதீர்கள்: ஆசிட் சிமென்ட்டைத் தின்னும், கண்ணாடி கொடுத்த பளபளப்பு ஒரே கழுவலில் போய்விடும், திரும்ப வராது. இயந்திர பாலிஷும் வேண்டாம். ஈரம் அடங்கிய பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தேய்த்தால் போதும். பெயின்ட் வேலைக்காகத் தரையை மூட வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் தாளை நேராகப் போடாதீர்கள். அடியிலிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

ஆர்டர் சீட்டில் விலையோடு இன்னொன்றும் எழுத வேண்டும்: கோல அச்சு யாருக்குச் சொந்தம்? நீங்கள் கூலி கொடுத்து அடித்த அச்சு உங்களுடையது. வேலை முடிந்ததும் வாங்கி எண்ணெய் தடவி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையிலேயே இருக்கட்டும் என்றால், உங்களைக் கேட்காமல் அடுத்தவருக்கு அதில் கல் ஊற்றுவதில்லை என்று எழுதி வாங்குங்கள். முதலாமவரிடம் திரும்பப் போனாலும் இதைக் கேளுங்கள். அச்சுக்குத் தனிக் காசு வாங்காதவர் அச்சைத் தரமாட்டார்.

முற்றத்துக்கு இந்தக் கல் வேண்டாம். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் பளபளப்பு போய்விடும், பாசி பிடித்தால் வழுக்கும், தேய்த்துக் கழுவினால் முகம் சொரசொரக்கும். பழைய வீடுகளில் முற்றத்துக்குக் கருங்கல் பாவியிருப்பது அதனால்தான். அதையே போடுங்கள், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் சாரல் எட்டாத தூரத்திலிருந்து ஆத்தங்குடிக் கல்லைத் தொடங்கலாம். சமையலறையிலும் அடுப்பு மேடைப் பக்கம் தவிர்ப்பது நல்லது, எலுமிச்சையும் புளியும் சிந்திய இடம் வெளுத்து நிற்கும்.